வலியை எழுப்புவது யார்? குறைப்பிரசவத்தைத் தடுக்க உயிரியல் என்ன செய்யும்?

"ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைச்சுக்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது." பிரசவ வார்டு வராந்தாவில் இன்றைக்கும் காதில் விழுகிற வாக்கியம் இது. ஏழை விட எட்டு எப்படி மோசமாகும் என்று கேட்டால் சொன்னவரிடம் பதில் இருக்காது. நம்பிக்கை மட்டும் தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டே இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறு. வயிற்றுக்குள் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.

ஆனால் பாட்டிகளின் இன்னொரு கணக்கு சரியானது. "பத்து மாதம் சுமந்தேன்" என்பார்கள். காலண்டரில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது மாதமும் சில நாட்களும்தானே வருகிறது? 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் பத்து மாதம் 280 நாள், அதாவது 40 வாரம். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து டாக்டர்கள் எண்ணுவதும் இதே 280 நாளைத்தான். 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 32 வாரத்துக்குள் என்றால் ஆபத்து அதிகம், 28 வாரத்துக்குள் என்றால் மிக மிக அதிகம்.

உலகத்தில் பத்தில் ஒரு குழந்தை இப்படி முன்கூட்டியே பிறக்கிறது. 2020-ம் ஆண்டில் 1 கோடியே 34 லட்சம் குறைமாதக் குழந்தைகள் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், சுமார் 30 லட்சம், இந்தியாவில். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் மரணத்துக்கு இன்று முதல் காரணம் குறைமாதப் பிறப்பும் அதைத் தொடர்ந்து வரும் சிக்கல்களும்தான்.

"குழந்தையைப் பெட்டியில் வச்சிருக்காங்க" என்று சொல்வோமே, அந்தப் பெட்டியும் அதைச் சுற்றியுள்ள மருத்துவமும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் அபாரமாக வளர்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் கைவிட்டிருக்கக்கூடிய குழந்தைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். அது பிறந்த பிறகு காப்பாற்றும் வித்தை. முன்கூட்டியே பிறக்காமல் தடுப்பதில்தான் நாம் தடுமாறி நிற்கிறோம். 2010-ல் உலகின் குறைப்பிரசவ விகிதம் 9.8 சதவீதம், 2020-ல் 9.9 சதவீதம். பத்து ஆண்டுகளில் அசையவே இல்லை.

காரணம் ஒரு எளிய கேள்வியில் இருக்கிறது. வலி எப்போது எடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? தாயா, குழந்தையா, நடுவில் இருக்கும் நஞ்சா, அதாவது நஞ்சுக்கொடியா? மனிதர்களைப் பொறுத்தவரை இதற்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை. ஒரு கடிகாரம் எப்படி ஓடுகிறது என்றே தெரியாதபோது, அது ஏன் வேகமாக ஓடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படித் திருத்துவது? அதனால்தான் இந்த விஷயத்தில் புது மருந்துக் கடையை விட ஆய்வுக்கூடத்துக்கு வேலை அதிகம் என்கிறேன்.

சும்மா இருப்பதும் ஒரு வேலை

கர்ப்பப்பை என்பது தசையாலான பை. மற்ற தசைகள் வேலை செய்தால் பாராட்டுவோம். இது ஒன்பது மாதம் வேலை செய்யாமல் இருக்க வேண்டும். உள்ளே வளரும் குழந்தை இழுத்து விரித்துக்கொண்டே போகிறது. எந்தத் தசையையும் அப்படி இழுத்தால் சுருங்கத்தான் பார்க்கும். அதைச் சுருங்கவிடாமல் அடக்கி வைக்கும் ஹார்மோனின் பெயர் புரொஜெஸ்ட்டிரோன். 1929-ல் ஜார்ஜ் கார்னர், வில்லார்ட் ஆலன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் முயல்களில் இதைக் காட்டினார்கள். சினைப்பையில் உள்ள மஞ்சள் நிறத் திசுவை எடுத்துவிட்டால் கர்ப்பம் கலைந்துவிடும். அந்தத் திசுவின் சாற்றை ஊசியில் ஏற்றினால் கர்ப்பம் தங்கும்.

இந்த அடக்கம் விலகும்போது என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தைப் பிடித்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. ஒரே குரலுக்கு எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டும். கர்ப்ப காலம் முழுக்க கர்ப்பப்பையின் தசைச் செல்கள் இப்படித் தனித்தனியாகவே இருக்கின்றன. அங்கங்கே சிறு சுருக்கம் வரும், போகும். ஏழு எட்டு மாதத்தில் வரும் 'பொய் வலி' அதுதான். பிரசவம் நெருங்கும்போது செல்களுக்கு இடையே கனெக்சின் 43 என்ற புரதம் சின்னச் சின்ன வாசல்களைத் திறக்கிறது. ஒரு செல்லில் எழுந்த மின் அலை அடுத்த செல்லுக்குத் தாவுகிறது. வடம் பிடித்தவர்கள் கைகோத்துவிட்டார்கள். கூடவே ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் குரலைக் கேட்கும் ஏற்பிகள் தசையில் பெருகுகின்றன, புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள் ஊறுகின்றன. மறுபக்கம், மூக்கு நுனி போல விறைப்பாக இருந்த கர்ப்பப்பை வாய், உள்ளே இருக்கும் கொலாஜன் நார்கள் தளர்ந்து உதடு போல மென்மையாகிறது.

இத்தனையும் சரியான வாரத்தில் நடந்தால் சுகப்பிரசவம். அதே காட்சி 26-வது வாரத்தில் அரங்கேறினால் குறைப்பிரசவம்.

செம்மறி ஆடு சொன்ன பதில்

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வெராட்ரம் என்ற ஒரு நச்சுச்செடி வளர்கிறது. சினையான சில நாட்களில் அதை மேய்ந்த ஆடுகளின் குட்டிகள் ஒற்றைக் கண்ணோடு உருவாயின. பயங்கரமான காட்சிதான். ஆனால் இன்னொரு விநோதமும் இருந்தது: அந்த ஆடுகள் நாள் கடந்தும் ஈனவில்லை. அந்தக் குட்டிகளின் மூளையடியில் இருக்க வேண்டிய பிட்யூட்டரி சுரப்பி ஊனமாக இருந்தது. அப்படியென்றால் பிரசவ நேரத்தைச் சொல்வது குட்டியின் தலையா?

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மாண்ட் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் 1960-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். வயிற்றில் இருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை அழித்தால் தாய் ஆடு நேரத்தில் ஈனவில்லை. பிட்யூட்டரியின் தூண்டுதலால் உடம்பில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைக் குட்டிக்குள் செலுத்தினால் நாள் வருமுன்பே ஈன்றுவிட்டது. குட்டியின் கார்ட்டிசால் நஞ்சுக்குப் போய், அங்கே புரொஜெஸ்ட்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் வேலையை முடுக்கிவிடுகிறது. அடக்கி வைத்த ஹார்மோன் சரிகிறது, தூண்டும் ஹார்மோன் ஏறுகிறது, வலி எழுகிறது. ஆட்டைப் பொறுத்தவரை "நான் கிளம்பத் தயார்" என்று முதலில் சொல்வது குட்டிதான்.

லிக்கின்ஸ் தேடிப் போனது குறைப்பிரசவத்தின் காரணத்தை. வழியில் அவர் கண்டெடுத்தது வேறொன்று. கார்ட்டிசால் கொடுத்து மிக முன்னதாகப் பிறக்கவைத்த குட்டி ஒன்று, செத்திருக்க வேண்டிய வயதில், மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறுத்துப் பார்த்தபோது நுரையீரலில் காற்று புகுந்திருந்தது. குறைமாதக் குழந்தைகள் இறப்பதற்கு முக்கியக் காரணம் நுரையீரலின் சிறு காற்றறைகள் ஒட்டிக்கொள்வது. அவற்றை ஒட்டாமல் வைக்கும் சோப்பு போன்ற ஒரு பொருள் அவர்களிடம் போதவில்லை என்று 1959-லேயே அமெரிக்காவில் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டியிருந்தார்கள். அந்தப் பொருளை ஸ்டீராய்டு சீக்கிரமே ஊறவைக்கிறதோ?

லிக்கின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹவீயும் சேர்ந்து, முன்கூட்டியே பிரசவிக்கும் நிலையில் இருந்த 282 தாய்மார்களிடம் பரிசோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் திட்டமிடாமல் குறைப்பிரசவ ஆபத்துக்கு ஆளான தாய்மார்களின் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஸ்டீராய்டு ஊசி போட்ட பக்கம் முதல் வார இறப்பு 3.2 சதவீதம், போடாத பக்கம் 15 சதவீதம். இன்று அரசு மருத்துவமனையில்கூட, 'சீக்கிரம் வலி வந்துடுச்சு' என்று ஓடிவரும் பெண்ணுக்கு டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் ஊசி போடுகிறார்களே, அதன் வேர் ஆக்லாந்தின் ஆட்டுக்கொட்டகையில் இருக்கிறது. வலியைத் தள்ளிப்போட நிஃபெடிபின் போன்ற மாத்திரை கொடுப்பதும் பெரும்பாலும் அந்த ஊசி வேலை செய்ய 48 மணி நேரம் வாங்கத்தான். மாதக்கணக்கில் தள்ளிப்போட அல்ல.

வருத்தமான விஷயம், இவ்வளவு தெளிவான முடிவு பரவலாக நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூடி உட்கார்ந்து "போடுங்கள்" என்று சொன்னது 1994-ல். அதற்கிடையில் பிறந்து மூச்சுக்குத் திணறிய குழந்தைகளின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

மனிதர்களுக்கு ஏன் பொருந்தவில்லை?

ஆட்டில் புரொஜெஸ்ட்டிரோன் சரிந்ததும் வலி வருகிறது. சரி, கர்ப்பிணியின் ரத்தத்தில் அது எப்போது சரிகிறது என்று பார்த்துவிட்டால் போதுமே? பார்த்தார்கள். சரியவே இல்லை. மனிதர்களில் நஞ்சு வெளியே வரும்வரை அந்த ஹார்மோன் ஏராளமாக இருக்கிறது. பிறகு வலி எப்படி வருகிறது?

வீட்டில் தாத்தா அதட்டிக்கொண்டேதான் இருக்கிறார், பிள்ளைகள்தான் காதில் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்பது மாதிரி ஒரு விளக்கம் இதற்கு இருக்கிறது. புரொஜெஸ்ட்டிரோனின் குரலைக் கேட்கும் ஏற்பிகளில் இரண்டு முக்கிய வகை உண்டு, ஏ என்றும் பி என்றும். பி வகை தசையை அமைதியாக வைக்கிறது. கடைசி வாரங்களில் ஏ வகை மேலோங்கி, பி வகையின் வேலையைக் கெடுக்கிறது. ஹார்மோன் இருக்கிறது, ஆனால் செல்லுபடியாகவில்லை. அந்த ஏற்பியை அடைக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை கொடுத்தால் கர்ப்பப்பை விழித்துக்கொள்வதைப் பார்த்தால், மனிதர்களிலும் இந்த ஹார்மோன்தான் காவலாளி என்பதில் சந்தேகமில்லை. காவலாளி எப்படி ஏமாற்றப்படுகிறார் என்பதுதான் இன்னும் தீராத புதிர். எலி, ஆடு, முயல் மூன்றும் நம்மைப் போல இல்லை என்பதால் இந்தப் புதிரை விலங்குகளை வைத்து மட்டும் அவிழ்க்கவும் முடியாது. கர்ப்பிணிப் பெண்ணின் உடலில் சோதனை செய்துபார்க்கவும் முடியாது, கூடாது. இந்தத் துறை மெதுவாக நகர்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நஞ்சுக்கும் இதில் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் ரோஜர் ஸ்மித்தின் குழு 1995-ல் ஒரு விஷயத்தைக் கவனித்தது. சிஆர்எச் என்ற ஹார்மோனை நஞ்சு தாயின் ரத்தத்தில் விடுகிறது. அது வாரம் ஏற ஏறக் கூடுகிறது. பின்னால் குறைப்பிரசவம் ஆகப்போகும் பெண்களில் அது நான்கைந்து மாதத்திலேயே அதிகமாக இருந்தது. நாள் கடந்து பிரசவிப்பவர்களில் குறைவு. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஓடத் தொடங்கும் ஒரு 'நஞ்சுக் கடிகாரம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அவசரப்பட்ட ஒரு ஊசியின் கதை

பாதி புரிந்த உயிரியலை வைத்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. புரொஜெஸ்ட்டிரோன் காவலாளி என்றால், ஊசி மூலம் கூடுதல் காவல் போடலாமே என்ற யோசனை நியாயமாகத்தான் தோன்றும். 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்ட்டிரோன் கேப்ரோவேட் என்ற செயற்கை வடிவத்தை, ஏற்கெனவே ஒருமுறை குறைப்பிரசவம் ஆன 463 பெண்களுக்கு அமெரிக்காவில் வாரம் ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். 2003-ல் வந்த முடிவு: ஊசி போட்டவர்களில் 36 சதவீதம், மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 55 சதவீதம் குறைப்பிரசவம். பெரிய வித்தியாசம். 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் துரித அனுமதி கொடுத்தது. நம்மூரிலும் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்ட கர்ப்பிணிகள் ஏராளம்.

கூர்ந்து பார்த்தவர்களுக்கு அந்த 55 சதவீதம் அப்போதே உறுத்தியது. போலி ஊசிக் குழுவில் ஏன் இவ்வளவு அதிகம்? 2019-ல், பல நாடுகளில் சுமார் 1,700 பெண்களிடம் செய்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 35 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் ஊசிக் குழுவில் 11 சதவீதம், போலிக் குழுவில் 11.5 சதவீதம். பலன் இல்லை என்றே சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் அனுமதி ரத்தானது. பன்னிரண்டு வருடம் விற்ற பிறகு. ஊசி எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்குச் சரியான பதில் தொடக்கத்திலிருந்தே யாரிடமும் இருக்கவில்லை. ஹார்மோன் ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் உடம்பில் இன்னும் கொஞ்சம் ஊற்றினால் என்ன மாறும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதே ஹார்மோன் வேறொரு இடத்தில் பலன் தருகிறது. சுமார் ஐந்தாம் மாதத்தில் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளக்கலாம். 25 மில்லிமீட்டருக்குக் கீழே குறுகியிருந்தால் முன்கூட்டியே பிரசவிக்கும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்கள் புரொஜெஸ்ட்டிரோன் மாத்திரையை அல்லது ஜெல்லை உள்ளே வைத்துக்கொண்டால் குறைப்பிரசவம் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாருக்கும் அல்ல, காரணம் தெரிந்த சிலருக்கு. சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தது உயிரியல்.

கர்ப்பப்பை வாய் என்றதும் நம் நாட்டுக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. வலியே இல்லாமல் வாய் தானாகத் திறந்து, நான்கைந்து மாதத்தில் கர்ப்பம் கழன்று விழும் பெண்கள் உண்டு. பம்பாயில் டாக்டர் வி. என். ஷிரோத்கர் இதைத் தசையின் கோளாறாகப் பார்க்கவில்லை, வாயின் பலவீனமாகப் பார்த்தார். சுருக்குப் பையை இழுத்துக் கட்டுவது போல, கர்ப்பப்பை வாயைச் சுற்றி ஒரு தையல் போட்டார். தொடக்கத்தில் அவர் பயன்படுத்தியது நூல்கூட அல்ல, அந்தப் பெண்ணின் தொடையிலிருந்து எடுத்த திசுப் பட்டை. 1955-ல் அவர் வெளியிட்ட அந்த முறை இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரிலேயே இருக்கிறது. "கர்ப்பப்பை வாயில தையல் போட்டிருக்காங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னால், அது ஷிரோத்கர் தொடங்கிவைத்த வேலை.

காய்ச்சல் மாதிரி

முன்பு காய்ச்சல் என்பதே ஒரு நோய் என்று நினைத்தார்கள். இப்போது மலேரியா வேறு, டைபாய்டு வேறு, டெங்கு வேறு என்று தெரியும். மூன்றுக்கும் ஒரே மருந்து கேட்க மாட்டோம். குறைப்பிரசவத்தையும் இப்படிப் பார்க்க வேண்டும் என்று ராபர்ட்டோ ரொமேரோ போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அது ஒரு நோயல்ல, பல வழிகள் வந்து சேரும் ஒரு முடிவு. இரட்டைக் குழந்தையால் தசை அளவுக்கு மீறி விரிவது ஒரு வழி. நஞ்சுக்கு ரத்தம் போதாதது ஒரு வழி. தாயின் ரத்த அழுத்தத்தால் டாக்டரே முன்கூட்டிப் பிரசவம் பார்க்க நேர்வது ஒரு வழி. எல்லாவற்றிலும் நன்றாகப் புரிந்த வழி கிருமித் தொற்று.

பிறப்புறுப்பில் சாதாரணமாக லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களின் உறவுக்காரர்கள். அவை சுரக்கும் அமிலம் மற்ற கிருமிகளை அண்டவிடாது. அந்தக் குடியிருப்பு கலைந்தால் யூரியாபிளாஸ்மா போன்ற கிருமிகள் மேலேறி பனிக்குடச் சவ்வை எட்டலாம். உடம்பின் காவல்படை அங்கே அழற்சியைக் கிளப்புகிறது. கிருமியைக் கொல்ல வந்த அதே ரசாயனங்கள் சவ்வை அரித்துப் பனிக்குடத்தை உடைக்கின்றன, புராஸ்டாகிளாண்டினை ஊறவைத்து வலியை எழுப்புகின்றன. ஒரு வகையில் இது உடம்பின் தப்பிக்கும் உத்தி: உள்ளே தீப்பிடித்தால் குழந்தையை வெளியே அனுப்பிவிடு.

அப்படியானால் ஆன்டிபயாடிக் கொடுத்தால் முடிந்ததே? இங்கேயும் உடம்பு நம் கணக்குக்கு அடங்கவில்லை. பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த ஆரக்கிள் ஆய்வுகள் 2001-ல் முடிவு சொன்னன. பனிக்குடம் உடைந்த பிறகு எரித்ரோமைசின் கொடுத்தால் பலன் இருந்தது. பனிக்குடம் உடையாமல் வலி மட்டும் வந்தவர்களுக்குக் கொடுத்ததில் பலன் இல்லை. அதோடு நிற்கவில்லை. அந்த இரண்டாம் குழுவின் குழந்தைகளை ஏழு வயதில் பார்த்தபோது, ஆன்டிபயாடிக் கொடுத்த பக்கம் மூளை முடக்குவாதம் சற்று அதிகமாக இருந்தது. ஆகவே 'எதற்கும் ஒரு ஆன்டிபயாடிக் இருக்கட்டும்' என்ற மனநிலை கர்ப்ப காலத்தில் ஆகாது. சிறுநீரில் கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் கொடுப்பது வேறு. அது காரணம் தெரிந்த சிகிச்சை.

நஞ்சின் பக்கம் வருவோம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கர்ப்பப்பையின் சுருள் ரத்தக்குழாய்கள் அகலமாகி நஞ்சுக்கு வழிவிட வேண்டும். சிலரில் அவை குறுகலாகவே நின்றுவிடுகின்றன. பின்னால் ரத்த அழுத்தம், குழந்தை வளராமை, குறைப்பிரசவம் என்று அது வெளிப்படும். சின்ன அளவு ஆஸ்பிரின், ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதையும் குழாய்கள் சுருங்குவதையும் தடுக்கிறது. முதல் பிரசவத்தை எதிர்நோக்கிய சுமார் 12,000 பெண்களிடம் ஆறு நாடுகளில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. இந்தியாவில் பெலகாவியிலும் நாக்பூரிலும் நடந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தினம் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்ததில் குறைப்பிரசவம் 13.1 சதவீதத்திலிருந்து 11.6 ஆகக் குறைந்தது. பார்க்கச் சின்ன எண். ஆனால் மாத்திரையின் விலையும் சின்னதுதான், இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையோ சின்னதல்ல. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். யாருக்குத் தேவை, எத்தனை மில்லிகிராம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.)

மரபணுவிலும் தடயம் தேடுகிறார்கள். 2017-ல், ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த 43,000-க்கும் மேற்பட்ட பெண்களின் மரபணுக்களைப் பார்த்த ஆய்வு, கர்ப்ப கால நீளத்தோடு தொடர்புடைய சில இடங்களைக் கண்டுபிடித்தது. அதில் ஒன்று செலினியம் என்ற தாதுவை உடம்பு பயன்படுத்தும் விதத்தோடு சம்பந்தப்பட்டது, யாரும் எதிர்பார்க்காத திசை. 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் குவேக்கின் குழு, தாயின் ரத்தத்தில் மிதக்கும் ஆர்.என்.ஏ. (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) துணுக்குகளை வைத்து கர்ப்பத்தின் வயதையும், முன்கூட்டியே பிரசவிக்கும் ஆபத்தையும் கணிக்க முயன்றது. ஆய்வில் இருந்த பெண்கள் மிகக் குறைவு, ஆகவே இப்போதைக்கு நம்பிக்கை தரும் தொடக்கம் என்று மட்டும் சொல்லலாம்.

மருந்தே இல்லாமல் தடுக்கக்கூடியதும் உண்டு. பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்த அமெரிக்க, ஐரோப்பிய ஊர்களில் குறைப்பிரசவம் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக 2014-ல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. நம்மூரில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும்: நல்ல நட்சத்திரத்துக்காக நாள் குறித்துச் செய்யும் சிசேரியன். 35 வாரத்தில் குழந்தையின் மூளை எடை, 40 வாரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஜோசியர் குறித்த ரோகிணிக்காக, மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல், அந்த வளர்ச்சியிலிருந்து இரண்டு வாரத்தை வெட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

எத்தனையாவது வாரம்?

இத்தனை ஆராய்ச்சிக்கும் அடியில் ஒரு எளிய தகவல் தேவைப்படுகிறது. கர்ப்பம் இப்போது எத்தனையாவது வாரம்? அது தவறினால் எல்லாம் தவறும். 2015-ல் வெளியான ஒரு ஆய்வில், இந்தியா உட்பட ஆறு நாடுகளில், கிராமப்புற அளவில் லிக்கின்ஸ் வழிவந்த அந்த ஸ்டீராய்டு ஊசியைப் பரவலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆச்சரியமாக, மொத்தத்தில் குழந்தை இறப்பு கூடியது. ஊசி போட்டவர்களில் பலருக்கு உண்மையில் குறைமாதமே இல்லை. 2020-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஸ்கேன் மூலம் வாரத்தைச் சரிபார்த்து, குழந்தை பராமரிப்பு வசதியுள்ள மருத்துவமனைகளில் அதே வகை ஊசியைக் கொடுத்தபோது குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. இதிலும் இந்திய மருத்துவமனைகள் இருந்தன. மருந்து மாறவில்லை. யாருக்கு, எங்கே, எத்தனையாவது வாரத்தில் என்பதுதான் மாறியது.

நம் ஸ்கேன் மையங்கள் வாரத்தைக் கணக்கிடப் பெரும்பாலும் பயன்படுத்துவது வெள்ளைக்காரக் குழந்தைகளின் அளவுகளிலிருந்து செய்த சூத்திரங்களை. இந்தியக் குழந்தைகள் சற்றுச் சிறியவை; ஏழாம் எட்டாம் மாதத்தில் பிழை பெரிதாகும். ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று, குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளை 2015 முதல் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து 'கர்ப்பிணி' என்ற பெயரில் ஆய்வு நடத்துகிறது. அந்தத் தரவை வைத்து சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் இந்தியக் குழந்தைகளுக்கென்றே கணக்கு முறைகளை உருவாக்கினார்கள். பிந்தைய மாதங்களுக்கான முறையை 2024-ல் அறிவித்தார்கள். அதில் பிழை பழைய சூத்திரத்தைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு குறைவு என்கிறார்கள்.

ஆனாலும் முதல் தகவல் ஸ்கேனிலிருந்து வருவதில்லை. சுகாதார நிலையத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செவிலியர் கேட்பார்: "கடைசியா தலைக்கு ஊத்தினது என்னைக்கும்மா?" அவருக்கு வேண்டியது மாதவிடாய் வந்த முதல் நாள். அவர் கேட்பதோ குளித்த நாள். வந்த பெண் விரல்விட்டு எண்ணி, பக்கத்தில் நிற்கும் மாமியாரைப் பார்த்து, "பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி" என்பாள். மூன்று நாலு நாள் அங்கேயே தவறிவிடும்.